பெல்ட்டுக்கு ஒரு பிரிவுபசார விழா

எதையும் நம்பாத மனிதர்களுக்கு ஒரு போட்டி வைத்தால் முதல் பரிசு பெல்ட் அண்ணாச்சிக்குத்தான். இரண்டாம் பரிசுக்கு ஆளே வரமாட்டார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் திருவனந்தபுரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் முளைக்க ஆரம்பித்திருந்தன. அப்படி ஒன்று எழும்பிக்கொண்டிருந்த இடத்துக்கு, கரமனை அக்ரஹாரத்திலிருந்து பஸ் ஏறி டைப்பிஸ்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். தகரக் கொட்டகைதான் ஆபீஸ். தட்டிக்கு அந்தப் பக்கம் ஸ்டோர், ஸ்டோரில் அண்ணாச்சி. வள்ளியூர்ப் பக்கத்துக்காரர். சிமென்டும் கம்பியும்கூட அவர் பொறுப்பில்தான் இருந்தன. ஆனால் அவர் மனசெல்லாம், உயரத்தில் வேலை செய்கிறவர்கள் தோளிலும் தொடையிலும் மாட்டிக்கொள்ளும் பாதுகாப்பு பெல்ட்டுகள் மேல்தான். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலைத் தாண்டி வெளியே வந்ததில்லை.

காலையில் பெல்ட் வாங்க ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். அண்ணாச்சி ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், பட்டையை வளைத்து வளைத்து நூல் எங்கேயாவது பிரிந்திருக்கிறதா என்று பார்ப்பார். தையலை விரலால் தடவுவார். கொக்கியைத் திறந்துவிட்டு, அது தானாக மூடும் சத்தத்தைக் காதருகே வைத்துக் கேட்பார். பெண் பார்க்க வந்த மாமியார்கூட அவ்வளவு பார்க்கமாட்டாள். வரிசையில் நிற்கிறவர்கள் அதற்குள் பீடி குடித்து, ஊர்க்கதை பேசி, இன்னொரு பீடியும் குடித்துவிடுவார்கள். மேஸ்திரி வந்து சத்தம் போட்டால், அண்ணாச்சி நிமிராமலே, அவசரமென்றால் பெல்ட் இல்லாமல் மேஸ்திரியே முதலில் ஏறலாம் என்பார்.

சனிக்கிழமை குளிப்பாட்டும் நாள். இளஞ்சூட்டு வெந்நீர், கொஞ்சமாக சோப்பு, பிறகு நிழலில் உலர்த்தல். வெயில் பட்டால் பட்டை கெட்டுவிடுமாம். மழைக்காலத்தில் நிழலுக்கு வேறு இடம் கிடைக்காமல் ஆபீசுக்குள்ளேயே கொடி கட்டிவிடுவார். தலைக்கு மேலே பெல்ட்டுகள் சொட்ட, கீழே உட்கார்ந்து கம்பெனியின் கௌரவமான கடிதங்களை நான் அடித்துக்கொண்டிருப்பேன். வீட்டுக்குப் போனால் அம்மா, "ஆபீஸ்ல உக்காந்துண்டு எப்படிடி இப்படி நனையறே?" என்பாள். விளக்கிச் சொல்ல நான் முயன்றதே இல்லை.

ஒரு பெயின்டர், பட்டையில் ஒட்டியிருந்த பெயின்டைத் தின்னர் விட்டுத் துடைத்து, பளபளவென்று கொண்டுவந்து நீட்டினார். பாராட்டு கிடைக்கும் என்று நினைத்திருப்பார் பாவம். அண்ணாச்சி கத்தரியை எடுத்தார். தின்னர் பட்ட நூல் எப்போது விடும் என்று யாருக்கும் தெரியாது, எனவே அந்த பெல்ட்டின் கதை முடிந்தது. கழித்த பெல்ட்டை முழுசாகக் குப்பையில் போடுகிற வழக்கமே அவரிடம் கிடையாது. சாண் சாணாக நறுக்கிவிடுவார். இல்லாவிட்டால் எவனாவது எடுத்து மாட்டிக்கொண்டு தென்னைமரம் ஏறுவான் என்பது அவர் பயம்.

இந்த பயத்தோடு அவர் ஊருக்குள் நடமாடியதுதான் வம்பு. ஒருநாள் பஸ்ஸில் யாரோ ஒருவர், ஏதோ ஒரு சைட்டில் தூக்கிப்போட்ட பெல்ட்டால் பாய் தலையணையைக் கட்டிக் கொண்டுபோயிருக்கிறார். அண்ணாச்சி பையிலிருந்து கத்தரியை எடுத்து அங்கேயே வெட்டிவிட்டார். பாய் விரிந்து, தலையணை உருண்டு, பாய்க்குள் சுற்றிவைத்திருந்த உள்பனியன்களெல்லாம் பெண்கள் சீட்டுப் பக்கம் போய்ச் சேர்ந்தன. கண்டக்டர் இரண்டு பேரையும் கரமனைப் பாலத்தருகே இறக்கிவிட்டார். அந்த ஆளுக்குத் தன் துண்டைக் கொடுத்து மூட்டையைக் கட்டவைத்துவிட்டு, அண்ணாச்சி வெற்றுத் தோளோடு நடந்து வேலைக்கு வந்தார்.

இப்படிப்பட்டவருக்குத்தான் செல்வராஜ் வந்து வாய்த்தான். வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறவன், திசையன்விளைக்காரன். ஒருநாள் ஆறாவது மாடிக்கு வெளியே தொங்கிய பலகை ஒரு பக்கம் சாய்ந்து, அவன் வழுக்கிவிட்டான். பெல்ட் பிடித்துக்கொண்டது. மேலே இழுத்து எடுக்கும்வரை வௌவால் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தான். உடம்பில் சிராய்ப்போடு போயிற்று. மறுநாள் அந்த பெல்ட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு எலுமிச்சம்பழத்தையும் கட்டி, சாமி புறப்பாடு மாதிரி மாட்டிக்கொண்டு வந்து நின்றான்.

அண்ணாச்சி கையை நீட்டினார். "ஆளப் பிடிச்ச பெல்ட்ட இனி மாட்டப்பிடாது செல்வராசு. உள்ள என்ன அந்துருக்குன்னு கண்ணுக்குத் தெரியாது. கொண்டா இங்க."

"என் உசுரக் காப்பாத்துனதாக்கும் இது. நீங்க வேற எதையாவது வெட்டிக்கிடுங்க அண்ணாச்சி."

சைட் முழுக்க செல்வராஜ் பக்கம். காப்பாற்றிய பெல்ட்டையே கழிக்க வேண்டும் என்றால் காப்பாற்றாத பெல்ட்டை என்ன செய்வது என்று மேஸ்திரி கேட்டார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. செல்வராஜ் பெல்ட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். தினமும் ஸ்டோரில் நல்லபிள்ளையாக வேறு பெல்ட் வாங்குவான். மேலே போனதும் சாப்பாட்டுப் பையிலிருந்து பழையதை எடுத்து மாட்டிக்கொள்வான்.

வெளியே தெரிந்தது எலுமிச்சம்பழத்தால். காய்ந்துபோன பழம் அறுந்து, நேராகக் கீழே எஞ்சினியரின் ஹெல்மெட்டில் விழுந்தது. ஹெல்மெட் போட்டதற்காக அவர் சந்தோஷப்பட்டிருக்கலாம். கோபப்பட்டார். பெல்ட்டைக் கொடு, இல்லையென்றால் வேலையை விடு என்றார். செல்வராஜ் வேலையை விட்டான்.

அன்றைக்கு அண்ணாச்சி டீயைத் தொடவில்லை. ஜெயித்த மனிதர் ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டேன்.

"வேற சைட்டுல போயி அதையேதான் மாட்டுவாம்மா. அங்க கேக்க ஆள் கெடையாது. அவன் விழுந்தான்னா, அது நான் வெரட்டுனதுனாலதான."

இரண்டு நாள் அதே முகத்தோடு இருந்தார். மூன்றாம் நாள் எங்கள் கேட்டுக்கு எதிரே இருந்த அரசு ஆபீசில் ஒரு பியூன் ரிட்டையர் ஆனார். நம்ம ஊரில் அது எப்படி நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மாலை, போட்டோ, நீளமான பேச்சுகள், பரிப்புவடை, கடைசியில் ஆபீசே சேர்ந்து ஜீப்பில் வீடுவரை கொண்டுபோய் விடுவது. அண்ணாச்சி கேட்டில் நின்று முழுவதையும் பார்த்தார். திரும்பி வந்து என் மேஜை முன்னால் நின்று, ஒரு சென்டாஃப் நோட்டீஸ் அடித்துத் தர முடியுமா என்று கேட்டார். அடித்தேன். மேனேஜர் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆள் எந்த செக்‌ஷன் என்று பிறகு விசாரித்தார்.

செல்வராஜை அவன் அறைக்கே போய் அழைத்தார் அண்ணாச்சி. வெட்ட மாட்டேன் என்று சத்தியம் செய்தாரா என்றால், இல்லை. உன் கையால்தான் எதுவும் நடக்கும் என்று மட்டும் சொன்னாராம். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, பையை மார்போடு அணைத்தபடி வந்தான்.

நாற்காலியில் பெல்ட் உட்கார்ந்திருந்தது. பக்கத்து நாற்காலியில் செல்வராஜ். பெல்ட்டுக்குச் செவ்வந்தி மாலை, பொன்னாடைக்குப் பதில் புதுச் சிவப்புத் துண்டு. வந்தவர்களுக்குப் பரிப்புவடை. இரண்டு வார்த்தை பேசும்படி கேட்டதில் எஞ்சினியர் பாவம் எழுந்து நின்று, இவருடைய சேவையைக் கம்பெனி மறக்காது என்று மலையாளத்தில் சொல்லி உட்கார்ந்தார். யாரும் சிரிக்கவில்லை. அதுவே பெரிய வேடிக்கை. பிறகு அண்ணாச்சி எழுந்தார்.

"இவன் தப்பு செஞ்சு போகல. ஒரு ஆளப் பிடிக்கணும்னுதான் இவனச் செஞ்சது. பிடிச்சிட்டான். இருக்குற பலத்தயெல்லாம் நம்ம செல்வராசுக்குக் குடுத்துட்டான். இன்னொருக்கப் பிடிடான்னு அவங்கிட்ட கேக்கது நியாயமாடே?"

கத்தரியைச் செல்வராஜ் கையில் கொடுத்தார். அவன் குங்குமத்தைத் துடைத்துவிட்டு வெட்ட ஆரம்பித்தான். அழுதுகொண்டே வெட்டினான். பட்டையைப் பூட்டும் இரும்புப் பக்கிளை மட்டும் வீட்டுச் சாமிப் படத்தடியில் வைக்க எடுத்துக்கொண்டான். முறைப்படி நாங்கள் எல்லோரும் பக்கிளை பஸ் ஸ்டாப்வரை கொண்டுபோய் விட்டோம். எஞ்சினியர் திரும்ப வேலைக்குச் சேர்த்துக்கொள்ள, மறுநாள் செல்வராஜ் வரிசையில் நின்று புது பெல்ட் வாங்கினான். அதற்குப் பிறகு வடை ஆசையில் ஆளாளுக்குத் தங்கள் பெல்ட்டில் குறை கண்டுபிடித்துக் கொண்டுவந்தது தனிக்கதை.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் மேலே கூச்சல். காற்றில் பலகை ஆடி செல்வராஜ் மறுபடியும் விழுந்திருந்தான். புது பெல்ட் பிடித்துக்கொண்டது. இழுத்து எடுத்ததும், இறங்கி நேராக ஸ்டோருக்கு வந்தான். யாரும் சொல்லாமலே பெல்ட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தான்.

"இதும் பிடிச்சிட்டு அண்ணாச்சி. வெட்டிருங்க."

அண்ணாச்சி எழுந்து அவனுடைய இரண்டு தோளையும் பிடித்துத் தன் நாற்காலியில் உட்காரவைத்தார்.

"பெல்ட்டு கெடக்கட்டும்டே. நீ மொதல்ல இரி."

மேஜைமேல் ஒரு பெல்ட் கிடக்க, அதை அவர் ஏறெடுத்தும் பார்க்காமல் இருந்து நான் கண்டது அன்றைக்கு ஒருநாள்தான். டீ வந்தது. அவன் குடித்து முடிக்கும்வரை டம்ளரை அவரே பிடித்துக்கொண்டார். தட்டிக்கு இந்தப் பக்கம் நான் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதர்மேல் எனக்கு அப்போது வந்த பிரியம் இன்றுவரை குறையவில்லை.