முட்டிப் பொடி தந்த தங்கப் பதக்கம்

வயதான காலத்தில் முட்டி வலி திடீரென்று காணாமல் போனால், சந்தோஷப்படுவதற்கு முன் சந்தேகப்பட வேண்டும். எனக்கு இந்தப் புத்தி அறுபத்தொன்பது வயதில் வந்தது. அதுவும் சிறுநீர்ச் சோதனை வழியாக.

எதையும் எண்ணிப் பார்க்கிறவன் என்று புதுச்சத்திரத்தில் எனக்குப் பெயர். (கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதிய கை.) மூத்தோர் தடகளப் போட்டியில் மூன்று வருடம் ஐந்து கிலோமீட்டர் நடையில் கலந்துகொண்டேன். மூன்று முறையும் நான்காம் இடம். போட்டியிட்டவர்கள் நான்கு பேர்.

அடுத்த வருடம் செவ்வாய்ப்பேட்டைச் சந்து ஒன்றில் ஒருவர் விற்ற மூலிகைப் பொடியைச் சாப்பிட ஆரம்பித்தேன். மூன்றாம் நாளே முட்டி என்று ஒன்று இருப்பது மறந்துபோனது. பசி பிய்த்துக்கொண்டு வந்தது. கன்னம் உப்பிப் பளபளத்தது. "எல்லாம் நாங் கிண்டற களி பண்ற வேல" என்று என் மனைவி ராஜாமணி தெருவெல்லாம் பெருமை பேசினாள். இரவில் தூக்கம் வராததை, இளமை திரும்புகிறது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

போட்டியன்று சேலம் மைதானத்தில் நான் நடந்த நடை நடையே அல்ல. எப்போதும் முதலில் வரும் ஓமலூர் செபாஸ்தியானை (ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், முந்தவிட்டுப் பழக்கமில்லாதவர்) இரண்டு நிமிடம் முந்தினேன். கழுத்தில் தங்கப் பதக்கம். அதை ஆசையாகத் தடவிப் பார்ப்பதற்குள் ஒரு மீசைக்காரர் வந்து நின்றார். முதலில் வந்தவருக்கு ஊக்கமருந்துச் சோதனையாம். கையில் ஒரு பிளாஸ்டிக் குவளையைக் கொடுத்துக் கழிப்பறைக்குள் அழைத்துப்போய், பார்த்தபடியே நின்றுகொண்டார். விதி அப்படி.

வீட்டில் இரவு ஐந்து முறை எழுகிறவன் நான். அங்கே ஒரு சொட்டு வரவில்லை. தண்ணீர் பாட்டில்களாகக் குடித்தேன். மீசைக்காரர் இரக்கப்பட்டுக் குழாயைத் திறந்துவிட்டார். குழாயில்தான் வந்தது.

வெளியே தயிர்சாதத் தூக்கோடு காத்திருந்த ராஜாமணிக்கு யாரோ விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள்.

"ஏனுங்க! ஊட்ல ராத்திரி பூரா அதே வேலயாத் திரியறீங்க, இங்க வந்து என்னத்துக்குங்க இந்தப் பவுசு?"

மைதானமே சிரித்தது. சிரிப்புச் சத்தத்தில் பயந்தோ என்னவோ, வந்துவிட்டது.

மேசைக்கு அந்தப் பக்கம் சோதனை அதிகாரி, என் மகள் வயதுப் பெண். "ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா ஐயா?" என்றார்.

"மருந்தா? சேச்சே! எல்லாம் இயற்கைங்க அம்மணி." இடுப்புப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தேன். "உங்கம்மாவுக்கு முட்டி வலி இருக்குதுங்களா? இத எடுத்துட்டுப் போய்க் குடுங்க. காசெல்லாம் வேண்டாமுங்க."

(ஊக்கமருந்தைப் பிடிக்க வந்தவருக்கே அதை அன்பளிப்பாக நீட்டிய வீரன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.)

அவர் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். கையை நீட்டச் சொல்லி, அதில் நான் பொருட்படுத்தாமல் விட்டிருந்த ஊதாத் திட்டுகளைப் பார்த்தார்.

"எங்கம்மாவும் இந்த மாதிரி பொடிதான் சாப்ட்டாங்க ஐயா. இதே மாதிரிதான் மூஞ்சி வீங்குச்சு. பொழைப்பாங்களான்னு ஆஸ்பத்திரில கெடந்தாங்க. இதுல ஸ்டீராய்டு கலந்திருப்பாங்க. பதக்கம் கெடக்குது, நாளைக்கே டாக்டரப் பாருங்க. பொடியையும் கொண்டுபோய்க் காட்டுங்க. நீங்களா சட்டுனு நிறுத்திடாதீங்க, அதுவும் ஆபத்து."

எனக்குக் கோபம். என் நடையையா சந்தேகப்படுகிறாள்? ஆனால் ராஜாமணி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். மறுநாள் காலை என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். சர்க்கரை நானூற்றுப் பன்னிரண்டு. "இன்னும் ஒரு மாசம் போயிருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர் முடிக்கவில்லை. பாதியில் நிற்கும் கணக்கு எனக்கு ஆகாது. அதை மட்டும் முடிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

சோதனை முடிவும் வந்தது. எனக்கு இரண்டு வருடத் தடை. பேத்தி அதைப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டாள். தங்கம் இனி செபாஸ்தியானுக்கு என்றார்கள். நானே பஸ் ஏறி ஓமலூர் போய் அவர் கையில் கொடுத்தேன்.

"நீங்க என்னைய முந்துனப்பவே நெனச்சேன் சார்," என்றார். "ஒண்ணு மாதா செஞ்ச அதிசயம், இல்லேன்னா மருந்து. மாதா என்னைய விட்டுட்டு உங்களுக்குச் செய்ய மாட்டாங்களே!"

அந்த அதிகாரியின் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை. மாதாமாதம் சர்க்கரை பார்க்க விரலை நீட்டும்போது, அவர் அம்மா நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

தடை முடிந்து இந்த வருடம் மறுபடி நடந்தேன். முட்டி வலித்தது. நான்கு பேரில் நான்காம் இடம். எந்த மீசைக்காரரும் என்னைத் தேடி வரவில்லை. நானாகவே கழிப்பறைக்குப் போனேன். கதவைச் சாத்தி ஒரு நிமிடம் ஆகியிருக்காது, வெளியே ராஜாமணியின் குரல்:

"ஏனுங்க, வந்துருச்சுங்களா?"

அதற்கு மேல் சத்தமாகக் கேட்டது செபாஸ்தியானின் சிரிப்பு.