ஒருங்கிணைப்பாளன் விலகு படலம்

வாழி விருத்தகிரி! மணிமுத்தாற்றங்கரை மாநகராம் விருத்தாசலத்தின் மாவீரனே, பீங்கான் தூள் படிந்த பத்து விரல்களால் பைந்தமிழ் தட்டிய பெருந்தகையே, பகலெல்லாம் சூளையின் அனலிலும் மாலையெல்லாம் கணினித் திரையின் ஒளியிலும் இருமுறை வெந்து இறுகிய திண்தோளனே, வாழி! உன் புகழ் பாடப் புகுமுன் மின்சாரத்தை வணங்குகிறோம்; அது இருக்கும்போதே வணங்கிவிடுவது நல்லது. அடுத்து, ஜங்ஷன் சாலையில் ஒரு மாடிப்படியின் அடியில், நான்கு கணினியும் ஒரு மின்விசிறியுமாகத் திருக்கோலம் கொண்ட தனக்கோடி பிரவுசிங் சென்டரை வணங்குகிறோம். இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு, ஆனியில் மூண்டு ஆடியில் முடிந்த பெரும்போர் அங்கேதான் நிகழ்ந்தது. மண்ணுக்காகவும் பொன்னுக்காகவும் நடந்த போர்களை நீங்கள் கேட்டிருப்பீர்கள். இது அப்படியன்று. ஒரு மனிதன் சம்பளம் இல்லாத வேலையிலிருந்து நின்றுகொள்ள நினைத்தான்.

அந்த வேலையின் மாட்சியை முதலில் அறிக. ‘குருவி’ என்றொரு மென்பொருள். கடிதம் எழுதலாம், கணக்குப் போடலாம். ஏழ்கடலுக்கும் அப்பாலும் இப்பாலும் உள்ள நல்லோர் பலர் கூலி கருதாது கூடி இயற்றி, வேண்டுவோர் எடுத்துக்கொள்க, மாற்றுவோர் மாற்றிக்கொள்க என்று உலகத்தின் வாசலில் கொண்டுவந்து வைத்த கட்டற்ற மென்பொருள் அது. அதன் பொத்தான்களையும் பட்டியல்களையும் சிடுசிடுக்கும் எச்சரிக்கைகளையும் தமிழாக்கும் குழுவுக்கு நம் விருத்தகிரி ஒருங்கிணைப்பாளன். பகலில் ஃபியூஸ் கட்டை செய்யும் பீங்கான் கம்பெனியில் மேற்பார்வை. மாலையில் இந்த அரசாட்சி. அரியணையோ கால் ஒடிந்து கயிற்றால் கட்டப்பட்ட பிளாஸ்டிக் நாற்காலி. படையோ மின்னஞ்சல் மடற்குழுவில் பெயர் பதிந்த இருநூற்றுவர். அவர்களுள் மொழிபெயர்ப்பவர் ஒருவர். அவர் பெயர் விருத்தகிரி.

மற்றையோர் வாளா இருந்தனர் என்று எண்ணிவிடாதீர். ‘கேன்சல்’ என்னும் ஒற்றைப் பொத்தானுக்குத் தமிழ் தேடிய காலத்தில் ‘ரத்து’ என்று ஒரு சேனையும், ‘கைவிடு’ என்று ஒரு சேனையும், ‘விலக்கு’ என்று ஒரு சேனையும் திரண்டெழுந்து, இலக்கணக் கணை தொடுத்து, நிகண்டுக் கேடயம் தாங்கி, ஒரு கோடை முழுதும் மடல்மாரி பொழிந்து, யார் எதற்காகத் தொடங்கினோம் என்பதே மறந்துபோகும்வரை பொருதனர். எல்லாரும் களைத்து ஓய்ந்த ஒரு மாலையில் விருத்தகிரி அந்தப் பொத்தானில் ‘வேண்டாம்’ என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போனான். வீட்டில் தோசை ஆறிப்போயிருந்தது.

அந்த ஆறிய தோசையில்தான் போரின் வித்து விழுந்தது. மூன்றாண்டுகளாக அவன் வீடு திரும்பும்போதெல்லாம் ஹாட்பாக்ஸின் அடியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அவனை வரவேற்பது அதுவே. அதை வைத்தவள் ஆதிலட்சுமி, அவன் இல்லாள். கொலுபொம்மைகளுக்குக் கண் எழுதுவதில் கைதேர்ந்தவள். அவள் தூரிகை தொட்டால் குருட்டுச் செட்டியார் பொம்மையும் முழித்துப் பார்க்கும். இத்தனை காலம் பிறருடைய பொம்மைகளுக்குக் கண் கொடுத்துவந்த அவள், இவ்வாண்டு சொந்தமாக ஒரு கொட்டகை பிடித்து, பிறரோடு பங்குபோட்டுச் சுட ஒரு சூளையும் பேசிவிட்டாள். நவராத்திரிக்குப் பொம்மை போக வேண்டுமென்றால் ஆவணி முதல் நாளே மண் சலித்து, கரைத்து, அச்சில் ஊற்றத் தொடங்கியாக வேண்டும். அதற்கு மாலை நேரத்தில் இன்னொரு ஜோடிக் கை வேண்டும். ஆனி பிறந்த அன்று அவள் பிரகடனம் செய்தாள்.

“ஏங்க, ஆவணி பொறக்கறதுக்குள்ள சாயங்காலம் வூட்டுக்கு வந்து சேர்ற வழியப் பாருங்க. இல்லன்னா எங்கண்ணன கூட்டு சேத்துக்குவேன். அப்புறம் என்னை ஒண்ணும் சொல்லக் கூடாது.”

எங்கண்ணன்! ஆதிலட்சுமியின் தமையன் தர்மராஜ், உலகத்தில் உள்ள எல்லாத் தொழிலுக்கும் யோசனை சொல்ல வல்லவர். செய்து பார்க்கும் பழக்கம் மட்டும் இல்லை. ஆதிலட்சுமியின் கொட்டகையில், மின்விசிறிக்கு நேர் கீழே அவர் கால்மேல் கால் போட்டு அமர்ந்து, ‘மாப்ள, மண்ணு பதம் பத்தல’ என்று ஆயுள் முழுதும் சொல்லிக்கொண்டிருக்கும் காட்சி விருத்தகிரியின் அகக்கண்ணில் எழுந்தது. அன்றே பதவி துறப்பதென்று சூளுரைத்தான். மனைவியோடு உட்கார்ந்து வேலை செய்ய அவனுக்கும் ஆசைதான்.

துறப்பதற்கு ஒரு சட்டம் உண்டு. குருவியின் பேரரசில் எந்த முடிவையும் மடற்குழுவில் அறிவிக்க வேண்டும். ஒரு வாரம் யாரும் மறுக்காவிட்டால் அது நிறைவேறியது. ஒரே ஒருவர் மறுத்தாலும் மறுபடி முதலிலிருந்து. சட்டம் இயற்றியவர்கள் பனி பொழியும் நாட்டினர். அங்கெல்லாம் ஒருவன் எழுந்து போகிறேன் என்றால், சரி என்று கதவைத் திறந்துவிடுவார்கள் போலும். நம் நாட்டின் முறைமையை அவர்கள் எங்கே கண்டார்கள்? இங்கே விருந்தாளி எழுந்து ‘வரட்டுமா’ என்றால், வீட்டுக்காரருக்குக் கண் சொக்கினாலும், அடுப்பில் பால் பொங்கினாலும், அந்த விருந்தாளி எப்போது போவார் என்று காலையிலிருந்து காத்திருந்தாலும், ‘இருங்க, என்ன அவசரம்’ என்று சொல்லியே தீர வேண்டும். சொல்லாதவர் பெயர் கெட்டுவிடும்.

இதை எண்ணாமல் விருத்தகிரி முதற்போர் தொடுத்தான். சலவைச் சட்டை அணிந்து, நெற்றியில் நீறு துலங்க, கயிறு கட்டிய அரியணையில் அமர்ந்து, ‘பொறுப்பிலிருந்து விலகுகிறேன்’ என்று அவன் எழுதி முடித்த அக்கணத்தில் மின்சாரம் அகன்றது, இருட்டில் யு.பி.எஸ். அலறியது; பக்கத்தில் ரயில் டிக்கெட் எடுத்துக்கொண்டிருந்தவர் புலம்பினார்; கல்லாவிலிருந்து தனக்கோடி முரசறைந்தார்.

“சார், கரண்டு பூடுச்சி! அனுப்பறத சட்டுனு அனுப்புங்க, பெட்டி தாங்காது!”

வில்லினின்று விடுபட்ட அம்பெனச் சென்றது மடல். நாள்கள் சென்றன. குழு அமைதியாக இருந்தது. வாரம் நிறையும் தறுவாயில், குழுவில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு சொல்லும் எழுதியறியாத துபாய் வாழ் பாலகிருஷ்ணன் துயில் நீங்கி எழுந்தார். ‘ஐயா, தங்களைப் போன்றோர் விலகலாமா? இருங்கள்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு மீண்டும் துயின்றார். அவருக்கு மரியாதை தெரியும், சட்டம் தெரியாது.

இரண்டாம் போரில் காரணங்களை அணிவகுத்தான். மனைவியின் தொழில், மாலை நேரம், முதுகுவலி, கண்ணெரிச்சல் எல்லாம் நால்வகைப் படையாய் நடந்தன. இம்முறை எதிர்நின்றவர் சென்னை மாணிக்கவேல், ‘ரத்து’ சேனையின் தளபதி. குடும்பக் கடமை தலையாயது என்று தொடங்கி, மெல்ல மெல்லப் புகழேணியில் ஏற்றி, உச்சியில் ‘குருவிச் செம்மல்’ என்று ஒரு பட்டமும் சூட்டி, இன்னும் ஓராண்டு இருக்க வேண்டும் என்று முடித்திருந்தார். மார்பில் தைத்த அம்பு அது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும்: அந்த மடலை விருத்தகிரி இரண்டு தரம் படித்தான்.

ஆடி பிறந்துவிட்டது. கொட்டகையில் மண் மூட்டைகள் வந்து இறங்கின. தர்மராஜ் ஒரு நாள் வந்து அவற்றைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார் என்ற செய்தி வந்தது. வெகுண்டெழுந்த விருத்தகிரி மூன்றாம் போரில் ஒரு கொடிய படைக்கலத்தை எடுத்தான். ‘நான் விலகுகிறேன். மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம். மறுக்கும்போது, மொழிபெயர்க்காமல் கிடக்கும் கோப்புகளில் ஒன்றை முடித்து மடலோடு இணைக்கவும்.’

அதன்பின் எழுந்த மௌனத்தை என்னென்பேன்! துபாய் அடங்கிற்று, சென்னை ஒடுங்கிற்று, மும்முனைச் சேனைகளும் காற்றில் கரைந்தன. வாரம் முழுதும் ஒரு மடல் இல்லை. இதைத்தானே வேண்டினான்? ஆனால் கடைசி நாள் மாலையில் திரையை மீண்டும் மீண்டும் புதுப்பித்து, வெறும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான் அந்த மாவீரன். மூன்று வருடம். ஒருத்தருக்கும் ஒன்றும் இல்லையா? அவனுக்கு வருத்தமாக இருந்தது, அதை மறைத்து என்ன பயன்.

வாரம் முடியும் நாழிகையில் ஒரு மடல் வந்து விழுந்தது. பெண்ணாடத்தில் ஒரு டி.டி.பி. கடையில் கல்யாணப் பத்திரிகை தட்டச்சு செய்யும் கயல்விழி எழுதியிருந்தாள். ‘அண்ணா, வணக்கம். நீங்க இருங்க. நீங்க சொன்ன மாதிரி ஒரு கோப்பு முடிச்சி இணைச்சிருக்கேன். தப்பு இருந்தா சொல்லுங்க.’ திறந்து பார்த்தான். அவன் கைவைக்க அஞ்சி ஒதுக்கி வைத்திருந்த அச்சிடல் கோப்பு. முழுதும் முடிந்திருந்தது. ‘காகிதம் சிக்கிக்கொண்டது, மெதுவாக இழுக்கவும்’ என்ற வரியைப் படித்து, அட, இது கடையில் இருந்து வந்த தமிழ் என்று அவன் மனம் துள்ளியது. மறுகணமே இடி இறங்கியது. ஆக, முறைப்படி அவள் மறுத்துவிட்டாள். தான் இயற்றிய விதியாலேயே தான் வீழ்ந்தான்.

தோல்வியுற்ற வேந்தன் தலைகவிழ்ந்து வீடு வந்து, ஒட்டிய தோசையைப் பிரித்தபடி நடந்ததைச் சொன்னான். ஆதிலட்சுமி ஒரு மீனாட்சிக்கு இடக்கண் எழுதிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே தீர்ப்புரைத்தாள்.

“போறேன் போறேன்னா இருங்கன்னுதான் சொல்லுவாங்க, வேற என்னா சொல்லுவாங்க? நீங்க போறதப் பத்தியே பேசாதீங்க. அந்தப் பொண்ணு வருதுன்னு சொல்லுங்க. வாசல்ல வந்து நிக்கறவங்கள வேணாம்னு எவன் சொல்லுவான்?” பிறகு வலக்கண்ணுக்குத் தூரிகையைத் தோய்த்துக்கொண்டு, “மொதல்ல அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்த கேளுங்க” என்றாள்.

கேட்டான். தொலைபேசியில் கயல்விழி சற்று யோசித்தாள். “செய்யறேங்கண்ணா. பத்திரிக அடிச்சி அடிச்சி எனக்கும் சலிப்பா இருக்குது. ஆனா அந்த கேன்சல் சண்டைக்கு மட்டும் என்னைக் கூப்புடக் கூடாது.”

ஆடியின் இறுதி வாரம் தொடங்கிய அன்று நான்காம் மடல் புறப்பட்டது. அதில் விலகல் இல்லை, முதுகுவலி இல்லை, விருத்தகிரியே இல்லை. ‘நம் குழுவின் புதிய ஒருங்கிணைப்பாளராகக் கயல்விழி பொறுப்பேற்கிறார். மறுப்பு இருப்பின் ஒரு வாரத்துக்குள் தெரிவிக்கவும்.’ மறுப்பதாவது! வருபவளை வேண்டாம் என்னும் வன்னெஞ்சர் தமிழ் மண்ணில் உண்டோ? துபாயினின்று ‘வருக, வருக’ என்று மலர்மாரி; சென்னையினின்று ‘குருவிச் செல்வி’ என்று புதுப் பட்டம்; முப்படையும் ஒரே அணியில் நின்று முழங்கிய வாழ்த்தொலி. ஆடி முடியும் மாலையில் சட்டப்படி எல்லாம் நிறைவேறிவிட்டது. அத்தனை மடல்களில் ஒன்றில்கூட, விருத்தகிரி எங்கே போனார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கடவுச்சொற்களைக் கயல்விழிக்கு அனுப்பிவிட்டு, விசைப்பலகையில் தன் விரல்கள் விட்டுச்சென்ற வெள்ளைத் தூளைக் கைக்குட்டையால் துடைத்தான். எழுந்தான்.

“என்னா சார், அதுக்குள்ள கெளம்பிட்டீங்க?” என்றார் தனக்கோடி. “இருங்க, டீ சொல்றேன்.”

இரண்டு மாதமாக அவன் கேட்ட ‘இருங்க’க்களில் அதில் மட்டும் கொஞ்சம் ஈரம் இருந்தது, ஒரு வாடிக்கை போகிறதே என்ற கவலையும் இருந்தது. டீயைக் குடித்துவிட்டே கிளம்பினான்.

பின்னர் வென்றோன் நகர்வலம் வந்தான். ரயில் இஞ்சின் ஊதல் சங்கமாய் முழங்க, பெண்ணாடம் பஸ்ஸின் ஹாரன் எக்காளமாய் எழ, பழமலைநாதர் கோபுரத்தில் மேலை வெயில் பொன் பூச, ஆட்டோக்கள் இருமருங்கும் விலகி வழிவிட (அவை விலகியது ஒரு மாட்டுக்காக), மூன்றாண்டுகளில் முதல் முறையாகத் தன் தெருவை மாலை வெளிச்சத்தில் கண்ட அந்தத் திண்தோளன், இனி என் மாலைகள் எனக்கே, என் கொட்டகை எனக்கே, என் தோசை எனக்கே என்று உள்ளம் பூரிக்க, தன் மனையின் வாயிலை அடைந்தான். அடுப்பில் கல் காய்ந்துகொண்டிருந்தது. மின்விசிறிக்கு நேர் கீழே, நாளை மண் சலிப்பதற்கென்றே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தர்மராஜ் அமர்ந்திருந்தார்.

“என்னா மாப்ள, வெளிச்சத்துலயே வந்துட்டீங்க?” என்றார் அவர் திகைத்து.

“எல்லாம் முடிச்சிட்டேன் மச்சான். நாளையிலேருந்து நானே கொட்டாயப் பாத்துக்கறேன்.”

ஆதிலட்சுமி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக இன்னொரு மடற்குழுவையே எதிர்த்து நிற்கலாம். தர்மராஜின் முகம் வாடியது, மடித்த வேட்டி தானாக இறங்கியது, கூட்டுத்தொழிலும் மின்விசிறியும் கைநழுவிய அந்தப் பெருமகன் மெல்ல எழுந்து, துண்டை உதறித் தோளில் இட்டு, “அப்ப நான் வரட்டுமா?” என்றார். போர் முடிந்தது, பகை ஒழிந்தது, இன்னும் ஒரே ஒரு நொடி வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும் என்று வானோரும் மூச்சடக்கி நின்ற அவ்வேளையில், நாற்பது தலைமுறை முன்னோர் ஒருங்கே நாவில் வந்து ஏற, விருத்தகிரியின் வாய் தானே திறந்து, “இருங்க மச்சான், என்ன அவசரம்?” என்றது.

முதல் நாலு தோசையும் தர்மராஜுக்கே போனது.