விரதக் குழம்பில் கிடந்த துண்டு

பூனாகலைத் தோட்டம்,
பரிதாவி வருஷம், ஆனி மாதம் 14ந் தேதி.

துறையூரில் வசிக்கும் மதிப்பிற்குரிய சம்பந்தி தம்பையா அவர்களுக்கு, அழகர் கங்காணி கும்பிட்டு எழுதிக்கொள்வது. கதிர்காமக் கந்தன் கிருபையால் இங்கு யாவரும் சுகம். அங்கு தாங்களும் ஆடு மாடுகளும் சுகமென்று நம்புகிறேன். யாவரும் சுகமென்று எழுதினேனே, அதில் என்னைச் சேர்க்க வேண்டாம்.

ஆடியில் கதிர்காமத்துக்கு நடந்து போவதாக நேர்ந்துகொண்டு, கறி மீன் தொடாமல் நாற்பது நாள் விரதம் இருக்கிறேன். தங்கள் மகள் ஜெயலெட்சுமி என் மகனைக் கட்டி இந்த லயத்து வரிசை வீட்டுக்கு வந்து மூன்று மாதமாகிறது. இதுவரை நான் ஒரு குறை சொன்னதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பண்டாரவளைக்குப் போனவள், இப்றாஹீம் நானா கடையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை முந்தானையில் மறைத்துக்கொண்டு வந்தாள். "என்னாம்மா அது?" என்றேன். "ஒண்ணுமில்லைங்க மாமா, சாப்பிடறப்ப பாருங்க" என்றாள். ஒன்றுமில்லாததை எதற்குப் பார்ப்பது? அப்புறம் குசினிக் கதவைச் சாத்தினாள். சாத்தினால் வாசம் வராதா? சோம்பு, பட்டை, கிராம்பு, பூண்டு, வரமிளகாய் நெடி, ஆட்டுக்கறிக்கு என்னென்ன உண்டோ அத்தனையும் லயம் முழுக்க மணக்குது, பக்கத்து வீட்டுக்காரன் மூக்கை நீட்டிக்கிட்டு வாசலில் நிக்கிறான், எண்ணெயில் என்னமோ சொய்யென்று பொரியுது. கடைசியில் சோற்றில் ஊற்றினாள் பாருங்கள், செக்கச்செவேலென்று குழம்பு. அதில் கரடுமுரடாகத் துண்டு துண்டாக!

"கறிதானே இது?"

"கடலை மாவு மாமா. பக்கோடா பொரிச்சுக் குழம்புல போட்டது."

விரலால் அமுக்கினேன், இளங்கறி மாதிரி அமுங்கியது. மகனைப் பார்த்தேன். அவன் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். குற்றவாளிதான் தலை நிமிரமாட்டான்.

நான் பட்டினியாக எழுந்து, சாட்சிக்கு ஒரு துண்டை இலையில் மடித்துக்கொண்டு, தோட்டத்தில் மருந்து கொடுக்கும் சிவஞானம் ஐயாவிடம் ஓடினேன். யாழ்ப்பாணத்துக்காரர், படித்தவர். மோந்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், வாயில் போட்டுக் கண்ணை மூடினார்.

"என்னங்கய்யா, ஆடா, மாடா?"

"ஒண்டை வச்சு என்னெண்டு சொல்லுறது, கங்காணி? இன்னும் நாலைஞ்சு கொண்டு வாரும்."

இருந்த ஒரே சாட்சியும் அவர் வயிற்றுக்குள் போய்விட்டது. மறுநாள் பண்டாரவளைக்கே போய், "என் மருமகளுக்கு என்னா வித்தீங்க?" என்று கேட்டேன். "கடலை மாவுதான் கங்காணி. ஏன், பத்தலையா?" என்று இப்றாஹீம் நானா சிரித்தார். எல்லோரும் ஒரே சொல்லைச் சொன்னால் பேசி வைத்துக்கொண்டார்கள் என்றுதானே அர்த்தம்?

ஆகையால் தாங்கள் உடனே கப்பலேறி வந்து மகளை அழைத்துப் போகவேண்டியது. சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்குக் கந்தன் துணை.

இப்படிக்கு,
அழகர் கங்காணி

பின்குறிப்பு: உறை ஒட்டச் சோற்றுப் பருக்கை கேட்டுக் குசினிக்குப் போனேன். மறுபடி அதே சமையல். "நீங்களே உக்காந்து பாருங்க மாமா" என்று மணையைப் போட்டாள். மாவில் வெங்காயம் பிசைந்ததையும், எண்ணெயில் கிள்ளிப் போட்டதையும், கொதிக்கிற குழம்பில் கொட்டியதையும் கண் கொட்டாமல் பார்த்தேன். ஆட்டைக் காணோம். மூன்று தரம் சோறு வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை பட்டினி கிடந்ததை நினைத்தால் வயிறு எரிகிறது. வேறு காகிதம் இல்லாததால் இதையே அனுப்புகிறேன். மேலே எழுதியதைப் படிக்காததாகப் பாவிக்கவும். தாங்கள் வந்தாலும் பெண்ணை அனுப்பமாட்டேன். இப்போது என் சந்தேகமெல்லாம் தங்கள் மேல்தான்: இப்படிச் சமைக்கிற பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு, பெண் கேட்டு வந்த எங்களுக்கு வெறும் ரசத்தை ஊற்றி அனுப்பினீர்களே, அது ஏன்?