புட்டுக்குற்றி மூடிப் படலம்

அஜீஷ் எழுந்தான். பல் தேய்த்தான். கட்டன்சாயா போட்டுக் குடித்தான். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். கணினி முன் அமர்ந்தான்.

வாழி அவ்வீரன்! கொல்லயில் எனும் பஞ்சாயத்தின் குலவிளக்கு, பொறியியல் பட்டம் தாங்கியோன், மவுஸ் ஒன்றையே வாளாய் ஏந்தியோன், மனைவியை அடக்கம் செய்த அன்றும் அழாத கல்நெஞ்சன் எனச் சுற்றத்தார் விருது சூட்டப்பெற்றோன்!

அவன் மீட்கப் புறப்பட்டது நாட்டையன்று, புட்டுக்குற்றியின் மூடியை. மனைவி ரேஷ்மி பிறந்தவீட்டிலிருந்து கொண்டுவந்த குற்றி, புட்டு அவிக்கும் குழல். அவள் போன பின் முதன்முறையாகப் போன வாரம்தான் அதை எடுத்தான். எடுத்த கையோடு கீழே போட்டு மூடியின் விளிம்பைப் பிளந்தான். பாறசாலை முதல் பாலராமபுரம் வரை அந்த அளவில் வேறு மூடி இல்லை; கணினியில் தானே வரைந்து புதிதாய்ச் செய்யத் துணிந்தான். அந்தக் குற்றியில் ஒருமுறையேனும் புட்டு அவிப்பேன் என்பது அவன் சபதம்.

பழைய மூடியின் அலுமினியப் பளபளப்பு முப்பரிமாண ஸ்கேனரின் கண்ணைக் கூசச்செய்யவே, அவளது பவுடர் டப்பாவில் எஞ்சியிருந்ததைத் தூவிப் படியெடுத்திருந்தான். அந்தப் படிமேல் பரப்புகளைப் போர்த்தியதும் தொடங்கிற்று பெரும்போர். மயிரிழையினும் மெல்லிய இடைவெளிகள் செங்கொடி தாங்கி அணியணியாய் எழ, ஒன்றைத் தைத்தால் அடுத்தது வாய்பிளக்க, அதை அடைத்தால் முன்னது பல்லிளிக்க, விளிம்போடு விளிம்பு பொருத, மென்பொருள் இருமுறை மூர்ச்சித்து விழ, சேமிக்க மறந்த செம்மல் தன் தலையில் தானே அடித்துக்கொண்டு மீண்டும் களம்புக்கு, உச்சியில் கிடந்த குழியொன்றையும் தான் கீழே போட்ட காயமென்றெண்ணி நிரவி, நண்பகலில் வாகை சூடினான்.

“எண்திசையோரே, கேளுங்கள்! நீரும் புகா, காற்றும் புகா, எறும்பும் புகா மூடி சமைத்தேன்!” என்று அவன் நெஞ்சம் முரசறைந்தது.

லேத்தில் அதைக் கடைந்து தருவதாக ஏற்றிருந்த அடுத்த வீட்டு டெனில் வந்து திரையை எட்டிப் பார்த்தான்.

“எலே மக்கா, ஆவி எதுவழியாட்டு போவும்? இது மூடி இல்ல, வெடிகுண்டாக்கும். அடுப்புல வச்சா ஓடு பிச்சுக்கிட்டு பறக்கும்.”

வெற்றிவேந்தன் பழைய மூடியை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். உச்சியில் இருந்தது காயமன்று, ஆவித்துளை. அவள் கடைசியாக அவித்த புட்டின் மாவு அதில் காய்ந்து இறுகிக் கிடந்தது.

துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவினான். அன்று குளிக்கப் போனவள், குளியலறையில் சரிந்து விழுவதற்கு முன், அடுக்களை வாசலில் நின்று கடைசியாகச் சொன்னது இதுதான்:

“மூடி ஓட்டை அடஞ்சு கெடக்கு, ஒரு ஈர்க்கு வச்சு குத்தி விடுங்க.”