சரித்திரம் அண்ணன் தேடிய நல்ல நாள்

கல்யாண மண்டபத்துக்கு மேனேஜராக இருந்துகொண்டு, தேடி வந்த கல்யாணங்களையெல்லாம் பக்கத்து மண்டபத்துக்கு அனுப்பி வைத்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் மலேசியாவில், எங்கள் கிள்ளானில் இருந்தார். பக்கத்து மண்டபத்துக்காரர் தீபாவளி தவறாமல் அவருக்கு ஒரு டின் முறுக்கு அனுப்புவார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்தது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. ஊருக்கு அவர் ‘சரித்திரம்’, எனக்குச் சரித்திரம் அண்ணன். வருடத்தின் எந்தத் தேதியைச் சொன்னாலும் சரி, அந்தத் தேதியில் உலகத்தின் எந்த மூலையில் எது இடிந்தது, எது எரிந்தது, எது மூழ்கியது என்று மூச்சு விடாமல் சொல்வார். நல்லதும் அவருக்குத் தெரியும்தான். ஆனால் கெட்டதுதான் முந்திக்கொண்டு வரும். நான் அந்த மண்டபத்து ஆபீசில் கணக்கும் போனும் பார்த்துக்கொண்டிருந்தேன். போனில் நான் பிடித்துக் கொடுக்கிற கல்யாணத்தை நேரில் அவர் கலைத்துவிடுவார்.

ஒரு முறை பூச்சோங்கிலிருந்து ஓர் ஆன்டி வந்தார். பெண்ணுக்குக் கல்யாணம்.

“ஏப்ரல் பதினஞ்சு, சண்டே. ஹால் இருக்கா பாஸ்?”

“ஹால் இருக்கு ஆன்டி. ஆனா அன்னிக்குத்தான் டைட்டானிக் முழுகிச்சு.”

“நாங்க என்ன கப்பல்லயா கல்யாணம் வைக்கிறோம்? எங்க வூட்டுக்காரருக்கு லோரி பிஸ்னஸ்லா!”

“சும்மா சொல்லி வைக்கிறேன் ஆன்டி. பின்னால ஏன் சொல்லலன்னு கேக்கக் கூடாதுல்ல.”

ஆன்டி மசியவில்லை. மண்டபத்தை எடுத்துக்கொண்டுதான் போனார். அந்த ஞாயிற்றுக்கிழமை தாலி கட்டி முடிந்த கையோடு மழை பிடித்தது. கிள்ளான் மழையைப் பற்றிக் கிள்ளான்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பந்தி முடிவதற்குள் கார் நிறுத்துமிடத்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். பூச்சரம் சுற்றிய மாப்பிள்ளையின் கார் மூக்கு வரை மூழ்கி நின்றது. ஆன்டி பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாசலில் நின்று, “அலமாக்! அந்த மனுசன் அப்பவே சொன்னாருலா!” என்று தலையில் அடித்துக்கொண்டார். அன்றிலிருந்து, சரித்திரம் ஒரு தேதியைச் சொன்னால் பலிக்கும் என்று கிள்ளானிலிருந்து பூச்சோங் வரை பேச்சாகிவிட்டது.

மண்டப வாசலில் ஒரு வெள்ளைப் பலகை இருக்கும். அன்றைய மணமக்கள் பெயரை அண்ணன்தான் முத்து முத்தாக எழுதுவார். அதோடு நிறுத்தமாட்டார். கீழே ‘இன்று’ என்று கோடு போட்டு, அன்றைய உலக நிகழ்ச்சி ஒன்றையும் எழுதுவார். ஒரு ஜூலை பதினான்காம் தேதிக் கல்யாணத்தில், மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், அதற்கடியில் ‘இன்று: பாரிஸ் நகரில் சிறை உடைக்கப்பட்ட நாள்’ என்று இருந்தது. மாப்பிள்ளையின் கூட்டாளிகள் அவரைப் பலகைக்கு முன்னால் நிறுத்தி, கைகளைக் கட்டச் சொல்லிப் படம் எடுத்தார்கள். முகூர்த்தத்துக்குள் அந்தப் படம் சொந்தக்காரர்களின் வாட்சப் எல்லாவற்றையும் சுற்றி வந்துவிட்டது. பெண்ணின் தாயார் ஆபீசுக்குள் புயலாக நுழைந்தார்.

“எங்க பொண்ணு என்ன ஜெயிலா?”

“அப்படி இல்லக்கா. ஜெயில உடைச்சாங்க. அது விடுதலைதானே, நல்ல விசயம்தானே,” என்றார் அண்ணன். அந்த அம்மாளின் கோபம் அதற்கு அப்புறம்தான் உச்சிக்குப் போனது.

மறுநாள் முதலாளி வந்தார். பெட்ரோல் நிலையம் வைத்திருப்பவர், கோபத்தைச் சிக்கனமாகச் செலவு செய்வார். “இனிமே நல்லது மட்டும்தான் சொல்லணும். இல்ல, அடுத்த மாசத்துலேர்ந்து நீயே சரித்திரமாயிடுவ,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அண்ணன் உண்மையாகவே முயன்றார். பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு குடும்பம் வந்து மே இருபத்தொன்பது என்றதும் அவர் முகம் மலர்ந்தது. “எவரெஸ்ட் உச்சியில மனுசன் முதமுதலா கால் வச்ச நாள் அங்கிள்! உங்க புள்ளைங்க ரொம்ப உசரத்துக்குப் போவாங்க!” பெண்ணின் அப்பா பூரித்துப்போய்ப் பேனாவை எடுத்தார். நான் நிம்மதியாக ரசீதுப் புத்தகத்தைத் திறந்தேன். ஆனால் அண்ணனுக்குத் தொண்டையில் முள் சிக்கியதுபோல் ஆகிவிட்டது. முகம் சிவந்தது. மின்விசிறியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதற்குமேல் தாங்கவில்லை.

“ஆனா அதே தேதியில, அதுக்குச் சரியா ஐந்நூறு வருசத்துக்கு முன்னாடி, கான்ஸ்டான்டினோப்பிள் விழுந்துச்சு.”

பேனா நின்றது. “அது எங்க இருக்கு?”

“இப்ப இஸ்தான்புல்.”

பெண்ணின் அப்பா மனைவி பக்கம் திரும்பினார். “இஸ்தான்புல்ல நமக்கு யாராச்சும் இருக்காங்களா?”

“நம்ம சைடுல யாரும் இல்லீங்க.”

“அப்ப எழுதுங்க,” என்றார்.

இத்தனைக்கும் நடுவில் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறவர் செண்பகம் அக்கா. கிள்ளான் லிட்டில் இந்தியாவில் பூக்கடை வைத்திருந்தார். மண்டபத்துக்கு மாலைகள் அவருடையவைதான். தம்பி தங்கைகளைக் கரையேற்றி முடித்துத் திரும்பிப் பார்த்தபோது நாற்பது தாண்டியிருந்தது, கல்யாணம் ஆகவில்லை. மாலையை இறக்கி வைக்க ஐந்து நிமிடம் போதும். அக்கா ஒரு மணி நேரம் இருப்பார். அண்ணனும் லேசுப்பட்டவர் இல்லை. ஆபீசில் இருக்கிற சின்னச் சாமி படத்துக்கு வெள்ளிக்கிழமைதோறும் அவர் வாங்கிய மல்லிகைச் சரத்தை நான்கு படங்களுக்குப் போடலாம். சமையல்காரர் முதல் நாற்காலி அடுக்குகிறவர் வரை விசயம் எல்லாருக்கும் தெரியும்.

ஆண்டிலேயே மிக மோசமான தேதி எது என்று கேட்டால் அண்ணன் யோசிக்கவே மாட்டார். நவம்பர் ஒன்று. காலண்டரில் அதைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு வைத்திருப்பார். அந்தத் தேதி கேட்டு ஒரு குடும்பம் வந்த அன்று அக்காவும் இருந்தார். “லிஸ்பன்ல பூகம்பம் ஆன்டி. நல்ல நாளு, எல்லாரும் சர்ச்சுக்குள்ள இருந்த நேரம். தப்பிச்சவங்க கடற்கரைக்கு ஓடினாங்க, கடல் பொங்கி வந்துச்சு. அதுலயும் தப்பிச்சவங்களுக்கு நெருப்பு. அது மட்டும் வேணாம் ஆன்டி,” என்று இவர் கண் கலங்கச் சொல்ல, வந்தவர்கள் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார்கள். “இன்னொரு முறுக்கு டின்னு,” என்றார் அக்கா.

அந்த அக்காதான் ஒரு நாள் தே தாரிக் டீ குடித்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்.

“மேனேஜர், ஊருக்கெல்லாம் தேதி பாக்குறீங்க. நமக்கு ஒண்ணு பாருங்களேன்.”

நான் கணக்குப் புத்தகத்துக்குள் தலையைப் புதைத்துக்கொண்டேன். அண்ணனுக்குக் காது வரை சிவந்துவிட்டது. “பாக்குறேன் செண்பகம்,” என்றார். அந்த வாரம் முழுதும் பலகையில் நல்ல செய்திகளாகவே எழுதினார். பிள்ளை பிறந்ததுபோல் எங்களுக்கெல்லாம் சுடச்சுடக் கறிபாப் வாங்கிக் கொடுத்தார்.

அப்புறம்தான் சனி பிடித்தது. எவரெஸ்ட்டும் இஸ்தான்புல்லும் மற்றவர்களின் கல்யாணத்துக்குச் சரி. செண்பகம் அக்காவின் கல்யாணத்துக்கு, உலகத்தில் எங்கும் யாருக்கும் எந்தத் தீங்கும் நடக்காத தேதி வேண்டும் என்று மனிதர் ஒற்றைக்காலில் நின்றார்.

“பிப்ரவரி பதினஞ்சு?” என்பார் அக்கா.

“ஜப்பான்காரன்கிட்ட சிங்கப்பூர் விழுந்த நாள்.”

“ஆகஸ்ட் இருபத்தேழு?”

“கிராக்கத்தோவா எரிமலை.”

“நவம்பர் ஒம்பது?”

“பெர்லின் சுவர் இடிஞ்சிச்சு.”

“அது நல்லதுதானே?”

“நல்லதுதான். ஆனாலும் இடிஞ்சதுதானே.”

முதலில் நானும் சிரித்தேன். ஒரு மத்தியானம் அவரே காரணத்தைச் சொன்னார். அவருடைய பெற்றோரின் கல்யாண நாளன்று, மனைவிக்குப் புடவை வாங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்த அப்பாவை லோரி மோதிவிட்டது. அன்றிலிருந்து அந்தத் தேதி வந்தால் விளக்கேற்றிக் கும்பிடுவதா, அழுவதா என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. சாகும்வரை தெரியவில்லை. “தேதியில ஏதோ இருக்கு தங்கச்சி. நாமதான் பாக்காம போயி மாட்டிக்கிறோம்,” என்றார். அதற்கப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்காவுக்கும் அந்தக் கதை தெரியும். தெரிந்துதான் பொறுத்தார். ஆனாலும் ஒரு நாள் மடியிலிருந்த மாலையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டே விட்டார்.

“காலையில கல்யாண மாலை கட்டுறேன். மத்தியானம் சாவு வீட்டுக்குக் கட்டுறேன். அதே கை, அதே நூலு. எல்லா நாளும் எங்கயோ யாரோ செத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. அதுக்காக நான் கடையச் சாத்திட்டா உக்காந்திருக்கேன்? தைப்பூசம் வரைக்கும் டைம் தரேன் மேனேஜர். அதுக்குள்ள ஒரு தேதி சொல்லுங்க. எதுவா இருந்தாலும் சரி.”

தைப்பூசம் வந்தது. காவடிக்கெல்லாம் பூ கட்டி முடித்துவிட்டு அக்கா வந்து நின்றார். காலண்டரில் ஜனவரி ஒன்றாம் தேதியிலிருந்து ஒவ்வொன்றாக அலச ஆரம்பித்த அண்ணன், மார்ச்சு மாதத் தேதிகள் வரைக்கும்தான் முடித்திருந்தார். “இன்னும் ஒம்பது மாசம் பாக்கி இருக்கு செண்பகம், அதுல கிடைச்சிடும்,” என்றார். அக்கா வந்த வழியே திரும்பிப் போனார். அதற்கப்புறம் மாலைகளைக் கடைப் பையன்தான் கொண்டு வந்தான்.

சில மாதங்கள் கழித்து அக்கா மறுபடி வந்தார். கூடவே செமினியில் இருக்கும் அவருடைய பெரிய அண்ணன். வழக்கமான நாற்காலியை விட்டுவிட்டு, வாடிக்கையாளர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“ஹால் வேணும் மேனேஜர்.”

“யாருக்கு?”

“எனக்குத்தான்.”

மாப்பிள்ளை செமினியில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், மனைவியை இழந்தவர், நல்ல மனிதர் என்று பெரிய அண்ணன் சொன்னார். கோயில் ஐயர் குறித்துக் கொடுத்த தாளைப் பிரித்தார்.

“நவம்பர் ஒண்ணு. நீங்க சொன்னா பலிக்குமாமே பாஸ்? எனக்கு இதுலயெல்லாம் ரொம்ப பயம். அன்னிக்கு ஏதாச்சும் கெட்டது நடந்திருக்கா? ஒரு சின்ன விசயமா இருந்தாகூடச் சொல்லிடுங்க, இந்தப் பேச்ச இதோட நிறுத்திடுறேன்.”

லிஸ்பன் என்று ஒரே ஒரு வார்த்தை போதும். அந்த மனிதர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார். சொல்லிடுங்க அண்ணே, சொல்லிடுங்க என்று நான் மனசுக்குள் கத்தினேன். அக்கா மேனேஜரையே பார்த்துக்கொண்டிருந்தார். பூகம்பத்தைப் பற்றி அக்காவுக்கும் தெரியும். அவர் சொல்ல வேண்டும் என்று பார்த்தாரா, சொல்லக் கூடாது என்று பார்த்தாரா, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சரித்திரம் அண்ணன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்க்கவில்லை. அக்காவைத்தான் பார்த்தார்.

“ஒண்ணும் நடக்கல,” என்றார். “நல்ல நாள். நானும் எவ்வளவோ தேடிப் பாத்துட்டேன். இவ்வளவு சுத்தமான நாள் வருசத்துலயே கிடையாது.”

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. பெரிய அண்ணன் அதைச் சந்தோசம் என்று எடுத்துக்கொண்டார்.

கல்யாணம் நடந்தது. மழை வரவில்லை, எதுவும் இடியவில்லை. பலகையில் மணமக்கள் பெயர் மட்டும் இருந்தது. ‘இன்று’ என்ற கோட்டுக்குக் கீழே அவர் ஒன்றும் எழுதவில்லை. வாசலில் நின்று வந்தவர்களுக்கெல்லாம் அவரே பன்னீர் தெளித்தார். எல்லாரும் போன பிறகு நாற்காலிகளை மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“இதே பொய்ய தைப்பூசத்தன்னிக்கு எனக்கே சொல்லியிருந்தா போதும்லா தங்கச்சி.”

இன்னொரு வரிசை நாற்காலிகளை நான் மடித்தேன்.

இப்போது அந்த மண்டபம் இல்லை, அந்த இடத்தில் கார் கழுவுகிறார்கள். அண்ணன் ஸ்ரீ கெம்பாங்கானில் தம்பி வீட்டில் இருக்கிறார். விடிந்தால் வாட்சப்பில் ஓர் எரிமலையோ, ஒரு கப்பலோ வந்துவிடும். எங்கள் வீட்டில் திட்டிக்கொண்டே படிக்கிறோம். வருடத்தில் ஒரு நாள் மட்டும் செய்தி சின்னதாக இருக்கும். ‘இன்று செண்பகம் கல்யாண நாள். வேறு ஒன்றும் நடக்கவில்லை.’

லிஸ்பன்காரர்கள் என்னை மன்னிக்க வேண்டும். அந்த ஒரு நாள் மட்டும் நானும் அவர் சொல்வதைத்தான் நம்புகிறேன்.