முன்னேறிய கூடமும் பின்தங்கிய சமையலறையும்

மனிதகுலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரம். இரண்டையும் தூக்கிச் சாப்பிடும்படி கடைசியாக 'வட்டார வளர்ச்சி மாதிரி'யைக் கண்டுபிடித்தது. எந்த வட்டாரம் எவ்வளவு வளரும் என்பதை, அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் சொல்லிவிடும் மகத்தான கணக்கு அது. வளர்ந்த பகுதியையும் பின்தங்கிய பகுதியையும் பிரிக்க அது ஊரின் குறுக்கே ஒரு கோடு போட்டது. கோடு ஒரு தையல்காரியின் வீட்டுக்குள் புகுந்து, கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே வெளியேறியது.

தையல்காரிக்கு இந்தப் பெருமை தெரியாது. கூடத்துக் கூரை சரியாகத் தையல் மிஷின் தலைமேல் ஒழுகுகிறது, திங்கட்கிழமை பள்ளி திறப்பதற்குள் நாற்பது சீருடை தைத்தாக வேண்டும், இவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். கூரை உதவிக்கு மனுப் போட்டாள். உதவி வரவில்லை, 'உயர்மட்டக் குழு' வந்தது. ஓர் அதிகாரி, ஓர் அளவு நாடா, நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஒரு நிபுணர்.

நிபுணர் சமையலறை வாசற்படியோரம் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்தார்.

"சமையல்கட்டு பின்தங்கின பகுதிம்மா. அதுக்குக் கூரை மாத்தலாம்," என்றார் அதிகாரி.

"அங்க ஒழுகலையே சார்."

"கூடம் வளர்ந்த பகுதி. தொழில் நடக்குது பாருங்க. அதுக்கு உதவி கிடையாது."

"ஒழுகுற இடத்துக்கு உதவி இல்ல, உதவி இருக்கிற இடத்துல ஒழுகல. அப்படித்தானே?"

"கரெக்ட். எங்க மேலதிகாரிக்கே இது புரிய ரெண்டு நாளாச்சு."

"ஒழுகுறதைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்த முடியுமா?" என்று நிபுணர் பரிவோடு கேட்டார்.

அப்போது பஸ் ஓட்டுநரான அவள் கணவன் சோற்றுத் தட்டோடு கோட்டைத் தாண்டிக் கூடத்துக்கு வந்தான். நிபுணர் பரபரவென்று குறித்தார். "உணவு ஏற்றுமதி. பதிலுக்கு இங்கிருந்து அங்க என்ன போகும்?"

"எச்சில் தட்டுதான்," என்றான் கணவன்.

"அதான் அந்தப் பகுதி முன்னேறல!"

மிஷின் மேல் சொட்டு பலமானது. "வாயைப் பார்த்துக்கிட்டு நிக்காம ஒரு கை பிடிங்க!" என்று தையல்காரி கணவனைப் பார்த்துக் கத்தினாள். இருவரும் மிஷினைத் தூக்கிப்போய் அடுப்போரம் வைத்தார்கள்.

"சார்! மூலதனம் இடம்பெயருது!" நிபுணரின் குரல் தழுதழுத்தது. பைசா செலவில்லாமல் ஒரு பின்தங்கிய பகுதி கண்ணெதிரே தொழிற்பகுதி ஆகிவிட்டது. அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தையல்காரிக்குப் பொறி தட்டியது. "அப்ப கூடம் இப்பப் பின்தங்கிடுச்சுல்ல? கூரை போடுங்க."

"பின்தங்கினதை அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவைதாம்மா பதிவோம்," என்றார் அதிகாரி.

"சமையல்கட்டுக்காவது?"

"அதுதான் இப்ப வளர்ந்துடுச்சே! வளர்ச்சியை உடனே பதிஞ்சிடுவோம். இதுல ஒரு கையெழுத்து."

'நான் வளர்ச்சி அடைந்தேன்' என்ற தாளோடு ஊரின் வரைபடம் இணைக்கப்பட்டிருந்தது. துணி வெட்டிப் பழகிய அவள் கண் கோட்டின் மேலேயே ஓடியது.

"வீடு, கடை, குளம் எல்லாத்தையும் நேரா வெட்டிக்கிட்டு வந்த கோடு, இங்க மட்டும் ஏன் சார் சட்டைக்குக் கை வெட்டுற மாதிரி வளையுது?"

"அங்க எங்க ஆபீஸ் இருக்கும்மா."

"அது எந்தப் பக்கம்?"

"பின்தங்கின பக்கம்," என்றார் அதிகாரி அடக்கமாக. "போன மாசம்தான் புதுக் கூரை போட்டாங்க."

மாதிரியை யாரும் குறை சொல்லக் கூடாது. ஊரிலேயே மிகவும் பின்தங்கிய இடம் எது என்பதை அது இம்மியும் பிசகாமல் கண்டுபிடித்திருந்தது.