முன்னால் பார்த்து உட்கார்ந்தவர்

மாமியார் வரும் நாளில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பிவிடுவது என்று ஊ டுன் பே முடிவு செய்தார். அவர் வாழ்க்கையில் அவராக எடுத்த முடிவு இது ஒன்றுதான். மற்றதெல்லாம் மனைவி டோ ஓன் சி எடுத்தவை.

பௌத்தர்களின் மழைக்கால வாசோ நோன்பு மூன்று மாதமும் ரங்கூனில் மகள் வீட்டில் தங்குவதற்காக மாமியார் டோ ஷ்வே மே ப்யாபோனிலிருந்து கப்பலேறிவிட்டாள். சேதி கொண்டுவந்த ஊர்க்காரன், நல்லகாலம், அதை ஊ டுன் பேயின் காதில் மட்டும் போட்டான். அவர் அதை வெற்றிலையோடு சேர்த்து மென்று விழுங்கிவிட்டார்.

போன வருஷ நோன்பை அவர் இன்னும் மறக்கவில்லை. நோன்பு நாளெல்லாம் மதியத்துக்குமேல் அடுப்பை அணைத்து, மாப்பிள்ளையையும் புண்ணியத்தில் கூட்டுச் சேர்த்துக்கொண்டாள் அந்த அம்மாள். வெற்றிலைப் பெட்டி மடத்துக்குத் தானமாகப் போனது. டீக்கடைக்காரன், ஆள் செத்துப்போய்விட்டார் என்றே நினைத்து துக்கம் கேட்க வந்தான்.

இந்த வருஷம் அது நடக்காது. கதவு பூட்டியிருந்தால் கிழவி இன்சேனில் இருக்கும் இளைய மகள் வீட்டுக்குப் போய்விடுவாள். அவ்வளவுதான் திட்டம்.

"என்னங்க, காய்ச்சல் கீய்ச்சல் அடிக்குதா?" என்றாள் டோ ஓன் சி.

"ஏன்?"

"கல்யாணமான நாள்லேர்ந்து சந்தைக்குக்கூட நடத்தியே கூட்டிட்டுப் போவீங்க. இன்னைக்கு சைக்கா வெச்சு ரங்கூனைச் சுத்திக் காட்டுறேங்கறீங்களே!"

"பொண்டாட்டியைச் சந்தோஷமா வெச்சுக்கிறது ஒரு குத்தமா?"

"குத்தமில்ல. பழக்கமில்ல."

சைக்காவில், சைக்கிளுக்குப் பக்கத்தில் ஒட்டவைத்த சின்ன இருக்கையில் இரண்டு பேர் முதுகோடு முதுகு ஒட்டித்தான் உட்கார வேண்டும். ஒருவர் போகிற வழியைப் பார்க்கலாம். மற்றவர் வந்த வழியைப் பார்க்கலாம்.

"ஆம்பளை முன்னாடி பார்த்துதான் உக்காரணும். அதுதான் அவன் தேஜஸுக்கு அழகு" என்றார் ஊ டுன் பே.

"தாராளமா உக்காருங்க. தூறல் போடுது, தேஜஸ் நனைஞ்சிடாம பாத்துக்குங்க."

சைக்காக்காரன் பா சேன் அவருடைய தொப்பையைக் கவலையோடு பார்த்தான். "ஐயா, இறங்குறவரைக்கும் அசையக் கூடாது. நீங்க திரும்பினா வண்டி கவுந்துடும்."

"நான் எதுக்குடா திரும்பறேன்?" என்றார் ஊ டுன் பே. இனிமேல் அவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது!

ஏரிக்கரைக்கு வந்தபோது பின்பக்கமிருந்து "அட!" என்று ஒரு சத்தம். பிறகு குடை படபடத்தது.

"யாருக்குக் குடையை ஆட்டுற?"

"தண்ணி உதர்றேங்க."

கொஞ்ச நேரத்தில் அவள் முதுகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. அந்தச் சிரிப்பு அவர் முதுகு வழியாகவே அவருக்குத் தெரிந்தது. மனுஷனுக்கு நிஜமாகவே மனசு நிறைந்துவிட்டது. இவளை முன்னமே இப்படிக் கூட்டிவந்திருக்கலாமே என்றுகூடத் தோன்றியது.

"நல்லா இருக்கா?"

"ரொம்ப! காட்சியெல்லாம் பின்னாடிதாங்க இருக்கு. தம்பி பா சேன், கொஞ்சம் மெதுவா மிதிப்பா."

பா சேன் திரும்பிப் பார்த்தான், வாய்க்குள் சிரித்தான், மெதுவாக மிதித்தான். ஊ டுன் பேக்கும் அதில் ஆட்சேபணை இல்லை. எவ்வளவு தாமதமோ அவ்வளவு லாபம்.

பகோடா பக்கம், மீன் குழம்பில் நூடுல்ஸ் போட்டுக் கொடுக்கும் மொய்ங்காக் கடை வந்தது. வாசனையில் வண்டி தானாக நின்றது.

"என்னங்க, பின்னாடி வண்டியில வயசான அம்மா ஒருத்தங்க. பசிச்ச முகமா இருக்கு. ஒரு கிண்ணம் வாங்கிக் குடுத்தா புண்ணியம்."

"ஒண்ணு என்ன, ரெண்டா குடு!"

"ரெண்டு பத்துமாங்கறது சந்தேகந்தான்" என்றாள் அவள்.

மூன்று கிண்ணம் போனது. பின்னால் யாரோ உறிஞ்சிக் குடிக்கும் சத்தம் கேட்டது. எங்கேயோ கேட்ட சத்தம் மாதிரி இருந்தது. மொய்ங்காவை எல்லாரும் இப்படித்தான் உறிஞ்சுவார்கள் என்று ஊ டுன் பே மனதைத் தேற்றிக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது டோ ஓன் சி பெருமூச்சு விட்டாள். "எங்கம்மாவும் இப்ப கூட இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்?"

கிழவி இந்நேரம் இன்சேனில் காலை நீட்டிப் படுத்திருப்பாள். வாயால் கொடுப்பதற்கு என்ன பஞ்சம்?

"இருக்கட்டுமே! மூணு மாசம் என்ன, ஆயுசு முழுக்க நம்ம வீட்டுலயே இருக்கட்டும்! தாங்கமாட்டேனா நான்?"

"மூணு மாசமா? அது என்ன கணக்கு?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேண்டி."

"சரி, அந்தப் பேச்சையே இன்னொரு தடவை சத்தமாச் சொல்லுங்க. மழையில சரியாக் கேக்கல."

சொன்னார். தெருவே கேட்கும்படி, கையை விரித்து, பொண்டாட்டி மேல் பொங்கிய நிஜமான பிரியத்தோடு சொன்னார்.

வாசலில் வண்டி நின்றது. ஊ டுன் பே கைலியை இறுக்கிக்கொண்டு இறங்கினார். அன்றைக்கு முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தார்.

பின்னால் இன்னொரு சைக்கா. அதில் இரண்டு கூடை, ஒரு மீன் விழுதுப் பானை, நடுவில் வாயைத் துடைத்துக்கொண்டு டோ ஷ்வே மே.

"வீடு பூட்டிக் கிடந்துச்சு மாப்பிள்ளை. ஏரிப் பக்கம் போனாங்கன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. பின்னாடியே வந்துட்டேன்" என்றாள் கிழவி. அவள் கண் கலங்கியிருந்தது. "நோன்பு முடிஞ்சதும் கிளம்பிடலாம்னுதான் இருந்தேன். நீங்க இத்தனை ஆசையாக் கூப்பிட்டப்புறம் மறுக்க மனசு வரல. அடுத்த கப்பல்ல என் கட்டிலை அனுப்பச் சொல்லிடறேன்."